அநியாயக்காரன் தழைக்கும்போது கர்த்தருக்குக் காத்திருப்பது என்றால் என்ன?

அம்மா சர்ச்சுக்குப் போகும் வழியில் ஒரு மாடி வீடு இருக்கிறது. வாசற்படியில் கறுப்பு கிரானைட், தேக்குக் கதவு, ஸ்டீல் கேட், உள்ளே ஒரு வெள்ளைக் கார். அந்த வீட்டுக்காரர் எங்கள் தெருவில் சீட்டு பிடித்தவர். அம்மா நாலு வருஷம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கட்டிய பணம் அவரிடம்தான் போனது. சீட்டு முடியப் போகிற நேரத்தில், "எல்லாம் நஷ்டமாயிட்டு" என்று கையை விரித்துவிட்டார். அடுத்த வருஷம் மேல்மாடி எழும்பியது. நஷ்டப்பட்டவருக்கு செங்கல் எங்கிருந்து வந்தது என்று தெருவில் எல்லோருக்கும் சந்தேகம். கேட்கத்தான் ஆளில்லை.

கொஞ்ச நாள் அம்மா பின்தெரு வழியாகச் சுற்றிப் போனார். ஏன் என்று கேட்டேன். "அந்த வீட்டப் பாத்துட்டுப் போனா ஜெபம் வர மாட்டேங்குது" என்றார். பக்கத்து வீட்டு ஆச்சி ஆறுதலுக்காக, "அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும், விடு தாயி" என்று சொன்னபோது அம்மாவுக்கு இன்னும் கோபம் வந்துவிட்டது. "நிக்கட்டும் ஆச்சி. அதுவரைக்கும் நான் எங்க நிக்கிறது?"

பழமொழி அநியாயக்காரனுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அம்மா கேட்டது நடுவில் மாட்டிக்கொண்டவரின் கேள்வி. கிறிஸ்தவ வேதாகமம் அநீதியைப் பற்றிப் பேசும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது என்பது என் எண்ணம். 'பொறுமையோடு தேவனை நம்பு', 'கர்த்தருக்குக் காத்திரு' என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொற்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

தொடங்க நல்ல இடம் 37-ம் சங்கீதம். சங்கீதம் என்பது பைபிளிலுள்ள பாட்டுப் புத்தகம். இது இஸ்ரவேலின் ராஜா தாவீதின் பெயரில் வரும் பாட்டு, 40 வசனம். 25-ம் வசனத்தில் 'இளைஞனாயிருந்தேன், முதிர்வயதுள்ளவனுமானேன்' என்கிறார். ஆக, வயதான ஒருவர் இளையவர்களை உட்காரவைத்துச் சொல்லும் பேச்சு இது. எபிரேய மொழியில் இது அகரவரிசைப் பாட்டு. 22 எழுத்துக்களையும் வரிசையாக எடுத்து, பெரும்பாலும் இரண்டு வசனத்துக்கு ஓர் எழுத்து என்று கட்டியிருக்கிறார்கள். நாம் சின்ன வயதில் ஆத்திசூடி சொன்னோமே, அதைப்போல மனப்பாடம் ஆகட்டும் என்பதற்காக இருக்கலாம். கோபத்தில் இருக்கிறவனுக்குப் புத்தகத்தைத் திறந்து தேடும் நிதானம் ஏது? வாயில் வந்து நிற்க வேண்டும்.

முதல் வரியே, 'பொல்லாதவர்களைக் குறித்து எரிச்சலடையாதே.' 7-ம் வசனத்தில் மறுபடி 'எரிச்சலாகாதே'. 8-ல் இன்னொரு தடவை, 'பொல்லாப்புச் செய்ய ஏதுவான எரிச்சல் உனக்கு வேண்டாம்.' மூன்று இடத்திலும் எபிரேயத்தில் ஒரே வினைதான். அதன் வேர்ச்சொல்லுக்குப் பொருள் எரிவது, சூடேறுவது. தமிழில் மொழிபெயர்த்தவர்களுக்கு இந்த இடத்தில் அதிர்ஷ்டம். நம் 'எரிச்சல்' என்ற சொல்லுக்குள்ளேயே நெருப்பு இருக்கிறது. 'வயிற்றெரிச்சல்' என்று சொன்னால் இன்னும் பக்கத்தில் வந்துவிடும்.

எரிவது யார் என்று பாருங்கள். சீட்டுப் பணத்தைத் தின்றவர் நிம்மதியாகத் தூங்குகிறார். தூக்கம் கெட்டது அம்மாவுக்கு. முதல் நஷ்டம் பணத்தில். இரண்டாவது நஷ்டம் அதற்குப் பிறகு, உள்ளே நடக்கிறது. அந்த இரண்டாவது நஷ்டத்தைத் தடுக்கத்தான் இந்தச் சங்கீதம் இவ்வளவு பாடுபடுகிறது.

அதே முதல் வசனத்தின் பின்பாதியில் இன்னொரு சொல் இருக்கிறது. 'நியாயக்கேடு செய்கிறவர்கள்மேல் பொறாமைகொள்ளாதே.' பொறாமையா? நமக்கு வருவது நியாயமான கோபம் அல்லவா? எனக்கும் இந்தச் சொல் ரொம்ப நாள் உறுத்தியது. 73-ம் சங்கீதத்தில் ஆசாப் அதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். துன்மார்க்கரின் வாழ்வைப் பார்த்ததும் பொறாமை வந்தது, கால் சறுக்கப் பார்த்தது, 'நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணினேன்' என்று தோன்றியது என்கிறார். அவர் கோயிலில் பாட்டு நடத்தியவர்! 'ஒழுங்காக இருந்து என்னத்தைக் கண்டோம்' என்ற நம் புலம்பல்தான் அது. வள்ளுவரும் பொறாமைக்காரன் வளர்வதையும் நேர்மையானவன் கெடுவதையும் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம் என்று ஒரு குறளில் சொல்கிறார். அந்தக் குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது தெரியுமா? 'அழுக்காறாமை'யில், பொறாமைப்படாமல் இருப்பதைப் பற்றிய அதிகாரத்தில். இரண்டு ஊர், இரண்டு காலம், ஆனால் கேள்வி ஒரே இடத்தில் வந்து முட்டுகிறது.

சங்கீதம் 37 அடுத்து ஒரு படம் காட்டுகிறது. அவர்கள் புல்லைப்போல் அறுப்புண்டு, பசும்பூண்டைப்போல் வாடிப்போவார்கள். நம் ஊரில் வாய்க்காலோரம் ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் புல்லை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் படம் சரியாக விழாது. எருசலேமைச் சுற்றியுள்ள யூதேயா மலைப்பக்கம் மழை குளிர்காலத்தில் மட்டும்தான். பிப்ரவரி, மார்ச்சில் குன்று முழுக்கப் பச்சை, நடுவில் சிவப்புப் பூக்கள். அப்புறம் பாலைவனப் பக்கமிருந்து சூடான காற்று அடிக்கும். மே மாதத்தில் அதே குன்று காய்ந்து பழுப்பாகிவிடும். அந்த ஊர்க்காரனுக்கு 'புல்' என்றாலே இந்த மாற்றம் நினைவில் வரும். இப்போது பார்க்கும் பச்சை பொய் என்று பாட்டுக்காரர் சொல்லவில்லை. அது மார்ச் மாதத்துப் பச்சை, அவ்வளவுதான்.

சரி, எரிச்சல் ஏன் அவ்வளவு ஆபத்து? கோபப்பட்டால் என்ன கெட்டுவிடும்? இதற்கு விளக்கம் தாவீதின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1 சாமுவேல் 25-ம் அதிகாரம், நாபால் கதை.

நாபால் பெரும் பணக்காரன். 3,000 ஆடு, 1,000 வெள்ளாடு. தாவீது அப்போது சவுல் ராஜாவுக்குப் பயந்து வனாந்தரத்தில் ஒளிந்து திரிகிறார். நாபாலின் மேய்ப்பர்களுக்கு அவருடைய ஆட்கள் இரவும் பகலும் மதிலைப்போல் பாதுகாப்பாக இருந்திருக்கிறார்கள். ஆட்டு மயிர் கத்தரிக்கும் நாள், விருந்து நாள், வந்தது. 'உன் கையில் இருப்பதைக் கொஞ்சம் கொடு' என்று மரியாதையாகப் பத்துப் பேரை அனுப்புகிறார். நாபால் சொன்ன பதில், 'தாவீது என்பவன் யார்? எஜமான்களை விட்டு ஓடிப்போகிற வேலைக்காரர் இந்நாட்களில் அநேகர் உண்டு.' கூலி கேட்கப் போனவனிடம் 'நீ யாருடா' என்று கேட்டதற்குச் சமம்.

தாவீது ஒரே வார்த்தைதான் பேசினார். 'அவனவன் தன் பட்டயத்தைக் கட்டிக்கொள்ளுங்கள்.' 400 பேர் கிளம்புகிறார்கள். விடிவதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளை மிஞ்சக்கூடாது என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் போகிறார். திட்டியது ஒருவன். சாகப்போவது வீட்டிலுள்ள எல்லோரும், தாவீதுக்காகப் பரிந்து பேசிய வேலைக்காரன் உட்பட. எரிச்சல் கணக்குப் பார்க்காது.

இந்தக் கதை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். முந்தின அதிகாரத்தில் சவுல் தன்னந்தனியாகக் குகைக்குள் வருகிறான். தாவீது அவன் சால்வைத் தொங்கலை அறுத்ததோடு விட்டுவிடுகிறார். அடுத்த அதிகாரத்தில் சவுல் தூங்குகிறான்; தலைமாட்டில் ஈட்டி குத்தி நிற்கிறது; அப்போதும் விட்டுவிடுகிறார். தன்னைக் கொல்லத் தேடும் ராஜாவிடம் இரண்டு தடவை காட்டிய பொறுமை, நடுவில் ஒரு பணக்காரனின் ஏச்சுப்பேச்சில் போய்விட்டது. பெரிய அநியாயத்தைக் கடவுளிடம் விட்டுவிடுகிறோம், ஒரு நக்கல் சிரிப்பை விட முடிவதில்லை. அம்மாவுக்கும் போன பணத்தைவிட, ஒருநாள் கடையில் எதிர்ப்பட்டபோது அவர் 'நல்லாருக்கீங்களா' என்று சிரித்துக்கொண்டே கேட்டதுதான் ஆறவில்லை.

தாவீதைத் தடுத்தது நாபாலின் மனைவி அபிகாயில். 200 அப்பம், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடு, ஐந்து படி வறுத்த பயறு, வற்றலான 100 திராட்சக்குலை, 200 அத்திப்பழ அடை எல்லாவற்றையும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு, புருஷனிடம் சொல்லாமல் கிளம்பி, மலையின் மறைவில் எதிரே வந்து நிற்கிறாள். அவள் பேசியதில் சாரம் இதுதான்: நாளைக்கு நீங்கள் ராஜாவாகும்போது, 'விருதாவாய் இரத்தம் சிந்தினேனே, நானே பழிவாங்கினேனே' என்ற மனஇடறல் உங்களுக்கு இருக்கக்கூடாது. நாபால் நல்லவன் என்று அவள் வாதாடவே இல்லை, பேருக்கேற்ற பைத்தியக்காரன் என்றே சொல்கிறாள். தாவீதின் பின்னாளுக்காகத்தான் அவள் பேச்சு முழுவதும். 'எரிச்சல் உனக்கு வேண்டாம்' என்ற வரியில் 'உனக்கு' என்பதை அழுத்திப் படித்தால் அபிகாயிலின் குரல் கேட்கும்.

கதை முடிவில் பத்து நாள் சென்றபின் நாபால் செத்துப்போகிறான். உண்மையைச் சொன்னால் இந்த முடிவுதான் எனக்குக் கொஞ்சம் சங்கடம். எல்லோரும் இந்தப் பத்து நாள் கணக்கைத்தான் எதிர்பார்க்கிறோம். சர்ச்சில் சாட்சி சொல்கிறவர்களும் இப்படிப்பட்ட கதைகளையே தேடி எடுத்துச் சொல்வார்கள். சவக்கடல் பக்கம் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் இதே 37-ம் சங்கீதத்துக்கு யாரோ எழுதிய ஓர் உரை இருக்கிறது. இரண்டாயிரம் வருஷப் பழையது. 'இன்னும் கொஞ்சநேரந்தான், அப்பொழுது துன்மார்க்கன் இரான்' என்ற வசனத்தின்கீழ், நாற்பது வருஷம் முடியும்போது துன்மார்க்கர் எல்லோரும் இல்லாமல் போவார்கள் என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய தலைவரைத் துன்பப்படுத்திய ஓர் ஆசாரியனை மனதில் வைத்து எழுதியது. 'கொஞ்சநேரம்' என்றால் எத்தனை வருஷம் என்று விரல்விட்டு எண்ணும் ஆசை அன்றைக்கும் இருந்திருக்கிறது.

அந்த ஆசையோடு ஆபகூக் என்ற தீர்க்கதரிசியின் புத்தகத்துக்குப் போனால் ஏமாற்றம்தான். மூன்றே அதிகாரம், 56 வசனம் உள்ள சின்னப் புத்தகம். காத்திருப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிற யாரையும் நான் முதலில் இதைத்தான் படிக்கச் சொல்வேன், ஒரே மூச்சில்.

ஆபகூக் யூதா நாட்டு ராஜா யோயாக்கீமின் காலத்தவர் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். கி.மு. 609-ல் யோசியா என்ற நல்ல ராஜா மெகிதோவில் எகிப்தியர் கையில் செத்தார். எகிப்து யோயாக்கீமை அரியணையில் வைத்தது. பார்வோனுக்குக் கப்பம் கட்ட அவன் ஜனங்களிடம் வரி பிழிந்தான். அதே சமயம் தனக்கு ஒரு மாளிகையும் எழுப்பினான். அதைப் பற்றி எரேமியா 22-ல் வீடு பார்க்கப் போனவர் வந்து சொல்வதுபோலவே இருக்கிறது: விசாலமான வீடு, காற்றோட்டமான மேல்மாடி, அகலமான ஜன்னல், கேதுருமரப் பலகை, சிவப்புப் பூச்சு. வேலை செய்தவர்களுக்குக் கூலி மட்டும் கொடுக்கவில்லை. கிரானைட்டும் தேக்கும் வேறு பெயரில் அன்றைக்கும் இருந்திருக்கின்றன.

ஆபகூக் வாயைத் திறக்கும்போதே சண்டைதான். 'கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே!' நியாயப்பிரமாணம் பெலனற்றுப் போயிற்று, தீர்ப்பெல்லாம் கோணலாய் வருகிறது என்கிறார். இப்படிக் கேட்டதற்காக அவருக்கு ஒரு கண்டிப்புகூடக் கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பொறுமை என்றால் வாயை மூடிக்கொள்வது என்று நமக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வேதத்தில் அப்படி இல்லை. எரிச்சலை ஊரெல்லாம் கொட்டாமல், உள்ளேயும் அழுக விடாமல், எடுத்துக்கொண்டு போய்க் கர்த்தர் முன்னால் வைத்துக் கேட்பதே காத்திருப்பின் முதல் படி. அம்மாவுக்கு ஜெபம் வரவில்லை என்றாரே, அந்த வராத ஜெபத்தை அப்படியே சொல்லியிருந்தால் அது ஆபகூக் முதல் அதிகாரம் ஆகியிருக்கும்.

கர்த்தர் பதில் சொல்கிறார். பதில் இன்னும் மோசம். இந்த அநியாயத்தைத் தண்டிக்கக் கல்தேயரை, அதாவது பாபிலோன்காரர்களை, எழுப்புகிறேன் என்கிறார். திருடனைப் பிடிக்கக் கொள்ளைக்கூட்டமா? ஆபகூக் விடவில்லை. தன்னைவிட நீதிமானைத் துன்மார்க்கன் விழுங்கும்போது எப்படி மௌனமாக இருக்கிறீர் என்று இரண்டாவது வழக்கைப் போடுகிறார். போட்டுவிட்டு, காவற்கோபுரத்தில் ஏறி நின்று, என்ன பதில் வருகிறது பார்க்கிறேன் என்கிறார். அந்த நிற்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அம்மா ஆச்சியிடம் கேட்டாரே 'எங்க நிக்கிறது' என்று, இங்கேதான்.

இந்தத் தடவை வந்த பதிலில் ஒரு வரி: 'அது தாமதித்தாலும் அதற்குக் காத்திரு, அது நிச்சயமாய் வரும், அது தாமதிப்பதில்லை.' ஒரே மூச்சில் தாமதிக்கும் என்றும் தாமதிக்காது என்றும் வருகிறது. நம் கணக்கில் தாமதம், கர்த்தர் குறித்த வேளையில் தாமதமில்லை என்று பொருள் சொல்வார்கள். அடுத்த வரிதான் பிற்பாடு அப்போஸ்தலர் பவுல் தம் கடிதங்களில் எடுத்தாண்ட புகழ்பெற்ற வசனம், நீதிமான் தன் விசுவாசத்தினாலே பிழைப்பான். 'நம்பினால் சீக்கிரம் ஜெயிப்பான்' என்று சொல்லவில்லை. பதில் வரும்வரை நடுவிலுள்ள காலத்தில் அவன் சாகாமல் இருப்பான் என்கிறது.

நடுக்காலம் எவ்வளவு? கி.மு. 605-ல் கர்கேமிசில் எகிப்தைத் தோற்கடித்துப் பாபிலோன் தலையெடுத்தது. 586-ல் எருசலேமை எரித்தது. பாரசீக ராஜா கோரேசு கையில் பாபிலோன் விழுந்தது 539-ல். 605-லிருந்து எண்ணினால் 66 வருஷம். கோபுரத்தில் ஏறி நின்ற மனிதர் அதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் புத்தகத்தின் கடைசியில் அவர் பாடுகிறார். அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், திராட்சச்செடியில் பழம் இல்லாவிட்டாலும், ஒலிவமரம் ஏமாற்றினாலும், வயல் விளையாவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். படை வந்து போனபின் ஒரு விவசாயி வீட்டில் என்னென்ன மிஞ்சாது என்ற பட்டியல் அது. கண்ணை மூடிக்கொண்டு 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்கிறவர் இப்படி ஒன்றுவிடாமல் எண்ண மாட்டார். கடைசி வரியில், இதைத் தந்திவாத்தியத்தில் வாசிக்கச் சொல்லி இராகத்தலைவனுக்கு ஒரு குறிப்பு! முறையீடாகத் தொடங்கியது பாட்டுக்காரர் கைக்குப் போய்விட்டது, ஒரு படைவீரன்கூடத் திரும்பிப் போவதற்கு முன்பே.

இனி 'காத்திரு' என்ற சொல்லுக்குத் திரும்புவோம். 37-ம் சங்கீதம் 5-ல் 'உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து' என்று தமிழில் படிக்கிறோம். எபிரேயத்தில் அங்கே இருப்பது 'உருட்டிவிடு' என்ற சொல். தலையிலோ தோளிலோ தூக்க முடியாத கல்லை, கையால் தள்ளி அவர் பக்கம் உருட்டிவிடுவது. 7-ல் 'கர்த்தரை நோக்கி அமர்ந்து, அவருக்குக் காத்திரு.' அமர்வதற்கு அங்கே உள்ள சொல் அசையாமல் மௌனமாவதைக் குறிக்கும். காத்திருப்பதற்கு உள்ள சொல்லின் வேரோ பிரசவ வேதனையில் துடிப்பதற்கும் வரும் சொல் என்பார்கள். மேலே அமைதி, உள்ளே துடிப்பு. பஸ்ஸுக்குக் காத்திருப்பதோடு இதை ஒப்பிடவே முடியாது.

யாக்கோபு நிருபம், அதாவது யாக்கோபு எழுதிய கடிதம், 5-ம் அதிகாரத்தில் இன்னொரு உவமை இருக்கிறது, விவசாயி. முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் அவன் நீடிய பொறுமையோடு காத்திருக்கிறான். முன்மாரி அங்கே அக்டோபர், நவம்பரில் வரும். இறுகிக் கிடந்த மண் இளகும், உழுது விதைப்பார்கள். பின்மாரி மார்ச், ஏப்ரலில் வந்து கதிரைப் பால்பிடிக்க வைக்கும். மழையை அவனால் வரவழைக்க முடியாது. அதற்காகத் திண்ணையில் உட்கார்ந்தும் இருக்க மாட்டான். வரப்பு கட்டுவான், களை எடுப்பான். சங்கீதம் 37-ம் 'கர்த்தரை நம்பி நன்மைசெய்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. யாக்கோபு இந்த உவமையை எங்கே வைக்கிறார் என்பதும் முக்கியம். சற்று மேலே, உங்கள் வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று ஐசுவரியவான்களைத் திட்டிவிட்டுத்தான் கீழே வந்து பொறுமையைப் பேசுகிறார். பொறுமையைப் போதிக்கிறவர் முதலில் திருடனைத் திருடன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் பாதிக்கப்பட்டவரிடம் மட்டும் 'பொறுத்துக்கோம்மா, கர்த்தர் பாத்துக்குவார்' என்று சொல்கிறவர்கள் யாக்கோபில் பாதியைக் கிழித்துவிட்டார்கள். புருஷனிடம் அடி வாங்கும் பெண்ணிடம் இந்த வசனங்களைச் சொல்லித் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அது பொறுமையைக் கற்றுத்தருவதாகாது. அடிக்கிறவனுக்குச் செய்யும் ஒத்தாசை.

சட்டத்தின் கதவைத் தட்டலாமா என்ற கேள்விக்குப் பவுலைப் பார்த்தால் போதும். செசரியாவில் அவர் காவலில் இருக்கிறார். குற்றம் ஒன்றும் நிரூபணமாகவில்லை. பேலிக்ஸ் என்ற தேசாதிபதி அவரை அடிக்கடி கூப்பிட்டுப் பேசுகிறான். எதற்கு? பணம் தருவார் என்று எதிர்பார்த்து. அப்போஸ்தலர் 24-ல் அப்படியே எழுதியிருக்கிறது. லஞ்சம் வரவில்லை, இரண்டு வருஷம் ஓடிற்று, வேலை மாறிப் போகும்போதும் பேலிக்ஸ் அவரைக் காவலிலேயே விட்டுப் போனான். பவுல் அந்த இரண்டு வருஷம் காசு கொடுத்து வெளியே வரவில்லை. அதேசமயம் அடுத்து வந்த பெஸ்து வழக்கை எருசலேமுக்கு மாற்றப் பார்த்தபோது, 'இராயனுக்கு அபயமிடுகிறேன்' என்று, அதாவது பேரரசனிடமே முறையிடுகிறேன் என்று, ரோமக் குடிமகனுக்குரிய மேல்முறையீட்டைச் செய்தார். காத்திருப்பும் அப்பீலும் ஒரே ஆளிடம், ஒரே வழக்கில்.

37-ம் சங்கீதத்தில் ஒரு வசனத்தை மட்டும் தாண்டிப் போக முடியாது. நீதிமான் கைவிடப்பட்டதையும் அவன் சந்ததி அப்பத்துக்கு இரப்பதையும் நான் காணவில்லை என்கிறார் பாட்டுக்காரர். நாம் கண்டிருக்கிறோமே! பைபிளிலேயே இருக்கிறது. லூக்கா 16-ல் லாசரு பணக்காரன் வாசலில் பருக்களோடு கிடக்கிறான். ஆகாப் ராஜாவின் அரண்மனைப் பக்கத்தில் திராட்சத்தோட்டம் வைத்திருந்த நாபோத் பொய்ச்சாட்சியால் கல்லெறியுண்டு செத்தான். ஆகாபுக்குத் தண்டனை வந்தது உண்மை, ஆனால் நாபோத் எழுந்து வந்து தோட்டத்தில் பழம் பறிக்கவில்லை. இதற்குச் சுளுவான விளக்கம் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. 25-ம் வசனம் ஒரு முதியவர் தன் வாழ்நாளில் பார்த்ததைச் சொல்லும் சாட்சி. இன்சூரன்ஸ் பத்திரத்தைப்போல அதை நீட்டிப் பணம் கேட்க முடியாது.

கிறிஸ்தவர்கள் கடைசியில் போய் நிற்பது சிலுவையின் அருகில்தான். பொய்ச்சாட்சி, கையைக் கழுவிக்கொண்ட நீதிபதி, ஆரவாரம் செய்யும் கூட்டம் எல்லாம் அங்கே உண்டு. சாகும்போதும் 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று கேட்டவர் இயேசு. நியாயமாய்த் தீர்ப்புச் செய்கிறவரிடம் தம்மை ஒப்புவித்தார் என்று அவருடைய சீடர் பேதுரு எழுதுகிறார். கல்லை உருட்டிவிட்ட கதைதான் இது. பதில் அவர் சாகும்முன் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. சாவுக்கு அந்தப் பக்கமும் கர்த்தருக்கு வேலை இருக்கிறது என்று நம்பினால்தான் நாபோத்தையும் லாசருவையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியும். அது இல்லாமல் சங்கீதம் 37-ஐப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் இப்படி வரிசையாகச் சொல்லவில்லை. ஒருநாள் ராத்திரி ஆபகூக் இரண்டாம் அதிகாரத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன். பொல்லாத ஆதாயத்தால் வீடு கட்டுகிறவனுக்கு ஐயோ என்று வரும். அந்த வீட்டுச் சுவரிலிருந்து கல்லே கூப்பிடுமாம், மச்சிலிருந்து உத்திரம் சாட்சி சொல்லுமாம். அம்மா சிரித்துவிட்டார். "கிரானைட்டும் கூப்பிடுமா?" என்றார்.

பணம் இன்னும் வரவில்லை. ஏமாந்த குடும்பங்கள் சேர்ந்து புகார் எழுதிக் கொடுத்து, அது வழக்காகி, வாய்தாமேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் மாட்டியிருக்கும் வசனக் காலண்டரில், அடுத்த மாதத் தாளைத் தூக்கிப் பார்த்தால் ஒரு தேதியைச் சுற்றி நீலப் பேனாவில் வட்டம் போட்டிருக்கும். வசனத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறதே, அதில் அம்மாவின் கோணல் கையெழுத்தில், 'கோர்ட், 10 மணி. சாப்பாடு கட்டிட்டுப் போகணும்.'